மழை ஆரம்பிச்சதும் டபுள் பேரல் துப்பாக்கியில துரு, எந்த ஆயில் போடலாம்?

பந்தலூர்மழை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா வச்சிருந்த 12 போர் டபுள் பேரல் துப்பாக்கி, அதாவது ரெண்டு குழாய் ஒட்டினது, இப்ப லைசன்ஸ் என் பேருக்கு மாறிடுச்சு. தேர்தலுக்காக போலீஸ் ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணி திரும்ப கைக்கு வந்தப்ப பளிச்சுனுதான் இருந்துச்சு. ஜூன் மழை பிடிச்சதுக்கு அப்புறம் எடுத்துப் பாத்தா ரெண்டு பேரலும் சேர்ற ரிப் ஓரம் பூரா ஊசிமுனை அளவுக்கு பழுப்புப் புள்ளி, அது போதாதுன்னு பேரல மடக்க பிடிக்கற இடத்துல நாலு விரல் தடம் அப்படியே துருவா நிக்குது. எங்க ஊர் மழை தெரிஞ்சவங்களுக்கு தெரியும், மூணு மாசம் வீட்டுச் சுவரே வேர்க்கும். அப்பா தேங்காய் எண்ணெய்தான் போடுவார், பக்கத்து எஸ்டேட்காரர் டபிள்யூடி-40 அடிங்கறார், கடையில தையல் மெஷின் ஆயில் போதும்னு சொல்றாங்க. எதுதான் சரி? அந்த விரல் தடத்த உப்புத்தாள் வச்சு தேய்க்கலாமா?

ஓய்வுஏஆர்:
தம்பி முதல்ல உப்புத்தாள கீழ வைங்க. அந்த கருநீல மெருகு இருக்கே, புளூயிங், அது மேல பூசின பெயின்ட் இல்ல, இரும்போட மேல்தோலையே கருப்பு ஆக்சைடா மாத்தி வச்சிருக்கறது, உப்புத்தாள் பட்டா புள்ளியோட சேந்து அதுவும் போயிடும், பச்சை இரும்பு வெளிய வந்துட்டா அடுத்த மழையில அந்த இடம்தான் முதல்ல சிவக்கும். புளி, எலுமிச்சை, வினிகர் இதெல்லாம் பித்தளைக்குத்தான், இதுல பட்டா மெருகு நிமிஷத்துல உரிஞ்சிடும்.

வேலைய தொடங்கறதுக்கு முன்னாடி பேரல மடக்கி தோட்டா போய் உக்கார்ற ரெண்டு சேம்பரையும் கண்ணால பாருங்க, விரல் விட்டும் பாருங்க. தோட்டா வேற ரூம்ல இருக்கட்டும். எத்தனை வருஷம் பழகின ஆளா இருந்தாலும் இதுல விலக்கு கிடையாது.

துரு மேல நல்ல ஆயில கொஞ்சம் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. மறுநாள் நாலு சைபர் நம்பர் ஸ்டீல் உல், அதான் ரொம்ப மெல்லிசா பஞ்சு மாதிரி வரும், அத ஆயில்ல நனைச்சு அழுத்தாம தேய்ங்க. பாத்திரம் தேய்க்கற கம்பி நார் ஆகவே ஆகாது. ரிப் ஓரத்துல ஸ்டீல் உல் நுழையாது, அங்க பழைய செப்புக் காசு ஓரத்த வச்சு ஆயிலோட சுரண்டலாம், செம்பு இரும்ப விட மெதுவு, துரு பேந்து வரும், பேரல் கீறாது. துணியில பழுப்பு வர்றது நிக்கற வரைக்கும் துடைக்கணும்.

இன்னொன்னு கேளுங்க, எந்த எண்ணெய்ங்கறது ரெண்டாவது கேள்வி. அடியில என்ன இருக்குங்கறதுதான் முதல் கேள்வி. நாங்க ஆயுதப்படையில 303 ரைபிள் வச்சிருந்த காலத்துல சுட்டு முடிச்சு வந்ததும் ஆயில் தொடவே விடமாட்டாங்க, முதல்ல புனல் வச்சு பேரல்ல கொதிக்கற தண்ணி ஊத்துவோம். புதுசா வந்த பசங்க துப்பாக்கியில தண்ணியான்னு முழிப்பாங்க. அந்தக் கால தோட்டா கேப்புல இருந்த மருந்து எரிஞ்சா ஒருவித உப்பு தங்கும், அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சி வச்சுக்கும், அந்த உப்பு தண்ணியில கரையும் எண்ணெய்ல கரையாது. எண்ணெய மட்டும் பூசினா உப்புக்கு மேல மூடி போட்ட கதைதான், உள்ள அது தின்னுகிட்டே இருக்கும். கொதிதண்ணி ஊத்தினா பேரல் சூடாகி தானே காஞ்சிடும், அப்புறம் பேரலுக்குள்ள விட்டு இழுக்கற புல்-த்ரூ கயித்துல துண்டுத் துணி கட்டி இழுத்து, கடைசியாத்தான் ஆயில். உங்க 12 போர் தோட்டா இப்ப அந்த வகை இல்ல, அதனால தண்ணி தேவையில்ல. ஆனா விரல் தடத்துக்கும் காரணம் அதே உப்புதான், கை வேர்வை. ஸ்டேஷன்லயோ வீட்டுலயோ யாரோ கையில வாங்கி பாத்துட்டு துடைக்காம வச்சிருப்பாங்க. கை பட்ட ஒவ்வொரு தடவையும் ஆயில் துணியால ஒரு தடவு தடவிட்டுத்தான் உள்ள போகணும்.

பத்துமீட்டர்கோவை:
ஐயா சொன்னதுல மாத்த ஒன்னும் இல்ல, எண்ணெய் பத்தி மட்டும் கொஞ்சம் சேத்துக்கறேன்.

தேங்காய் எண்ணெய் வேணாங்க. 24 டிகிரிக்கு கீழ போனா உறையற எண்ணெய் அது, உங்க ஊர்ல மழை நாள்ல பாட்டில்லயே கட்டியாத்தான் இருக்கும், ட்ரிகரோட சேந்த லாக்குக்குள்ள போனா அங்கயும் அப்படித்தான். நாளாக நாளாக சிக்கு வாடையும் பிசுபிசுப்பும் வந்து தூசிய பிடிச்சு வச்சுக்கும், தோட்டா கேப்ப அடிக்கற ஊசி, அதான் ஃபயரிங் பின், சோம்பலா அடிக்கறதுக்கு இது ஒரு காரணம். நல்லெண்ணெய் ஆளி விதை எண்ணெய் எல்லாத்துக்கும் இதே கதைதான், ஆளி விதை எண்ணெய் மட்டும் மரக்கட்டைக்கு நல்லது, இரும்புக்கு இல்ல.

டபிள்யூடி-40 பத்தி சண்டை எப்பவும் நடக்கும். 1953ல அமெரிக்காவுல சான் டியேகோவுல ராக்கெட் கெமிக்கல்னு ஒரு கம்பெனி, அட்லஸ் ஏவுகணையோட வெளித்தகடு துருப்பிடிக்காம இருக்க தண்ணிய விரட்டற ஒரு கலவை தேடி 40வது தடவை கிடைச்சது, டபிள்யூடின்னா வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், தண்ணிய விரட்டறது, அதான் அந்தப் பேரு. பேருக்கு ஏத்த வேலைய நல்லாவே செய்யும், அதாவது மழையில நனைஞ்சு வந்த துப்பாக்கியில இருந்து ஈரத்த வெளியேத்தும். ஆனா பெரும்பகுதி ஆவியாப் போயிடும், மிஞ்சற படலம் ரொம்ப மெல்லிசு, உங்க ஊர் மூணு மாச மழைக்கு அது காவல் கிடையாது. ட்ரிகர் பக்கம் திரும்பத் திரும்ப அடிச்சா படிஞ்சு வார்னிஷ் மாதிரி இறுகும். அடிங்க, துடைங்க, அதுக்கு மேல வேற ஆயில் போடுங்க.

தையல் மெஷின் ஆயில் சுத்தமான மெல்லிய மினரல் ஆயில், அசையற பாகத்துக்கு ஒரு சொட்டு அருமையா வேலை செய்யும், ஆனா நிக்க வச்சா வழிஞ்சு இறங்கிடும், பேரல் மேல நிலைக்காது. கையில வேற எதுவும் இல்லாத ராத்திரி புது பைக் இன்ஜின் ஆயில் கூட பரவாயில்ல, துருவத் தடுக்கற சரக்கு அதுல சேத்திருப்பாங்க. வண்டியில இருந்து எடுத்த கருப்பு ஆயில் மட்டும் கூடவே கூடாது, அதுல அமிலம் ஏறியிருக்கும்.

காசு செலவழிக்கலாம்னா சிஎல்பின்னு கேளுங்க, சுத்தம் செய்ய, வழவழப்புக்கு, துரு காக்க மூணுக்கும் ஒரே ஆயில். இல்லன்னா பாலிஸ்டால், 1904ல இருந்து ஜெர்மனியில வர்றது, மரத்தையும் தோலையும் கெடுக்காது, அதனால டபுள் பேரல் மாதிரி கட்டையும் இரும்பும் ஒட்டி இருக்கற துப்பாக்கிக்கு எனக்குப் பிடிச்சது அதுதான். பேரல்ல தொட்டா விரல்ல லேசா பளபளப்பு தெரியணும், சொட்டக்கூடாது.

ஸ்ப்ரிங் ஏர் ரைபிள் வச்சிருக்கவங்க இதப் படிச்சா ஒன்னு சொல்லிடறேன், மேல சொன்ன எந்த ஆயிலையும் காத்து அழுத்தற சிலிண்டருக்குள்ள விடாதீங்க. அழுத்தத்துல சூடேறி டீசல் இன்ஜின்ல நடக்கற மாதிரியே பத்திக்கும், சீல் போயிடும். அங்க சிலிகான் ஆயில் மட்டும்தான்.

பந்தலூர்மழை:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பாலிஸ்டால் ஆர்டர் போட்டாச்சு. கிரீஸ் எங்கயாவது வேணுமா? இப்ப தோல் கேஸ்ல மரப்பீரோவுக்குள்ள படுக்க வச்சிருக்கேன், கேஸ் அப்பா காலத்துது, நல்ல கனமான தோல்.

விராஜ்பேட்டைரைட்டர்:
நான் குடகுல காபி எஸ்டேட்ல ரைட்டரா இருக்கேன், இங்க பாதி வீட்டுல துப்பாக்கி உண்டு, மழையும் உங்க ஊருக்கு சளைச்சதில்ல. உங்களுக்கு வினையே அந்த தோல் கேஸ்தாங்க. தோல பதப்படுத்தின உப்பும் அமிலமும் அதுலயே இருக்கும், காத்துல இருக்கற ஈரத்தையும் குடிச்சு வச்சுக்கும், பேரல் அத ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா கிடந்தா நீங்க எந்த ஆயில் போட்டும் பிரயோஜனம் இல்ல. ஸ்பாஞ்ச் வச்ச துணி கேஸும் அப்படித்தான். கேஸ் எடுத்துட்டுப் போக மட்டும். வீட்டுல வெறுமனே, பூட்டு போட்ட இரும்பு பீரோவுல, சுவர ஒட்டாம.

பீரோவுக்குள்ள நீல மணி சிலிகா ஜெல் ஒரு டப்பா வைங்க. ஈரம் குடிச்சா ரோஸ் ஆகும், தட்டுல பரப்பி அவன்ல 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சா திரும்ப நீலம், சமையல் பாத்திரத்துல மட்டும் செய்யாதீங்க. ஈரப்பதம் காட்டற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்னும் உள்ள போட்டுடுங்க. 60 சதவீதம் தாண்டினா இரும்பு வேகமா துருப்பிடிக்கும், 50 பக்கம் நிக்கட்டும், ரொம்ப காய விட்டா கட்டை வெடிக்கும்.

அப்புறம் பூஜை. இங்க செப்டம்பர் தொடக்கத்துல கைல்போல்து வரும், நாத்து நட்டு முடிச்சு துப்பாக்கி எல்லாம் பூஜை ரூம்ல வச்சு, செங்காந்தள் பூவ பேரல் வாயில செருகி கும்பிடுவாங்க, அந்தப் பூவுக்கு இங்க தோக் பூன்னே பேரு, தோக்னா துப்பாக்கி. நம்ம பக்கம் ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைப்போம். கும்பிட வேண்டியதுதான், ஆனா குழைச்ச சந்தனம் ஈரம், காஞ்சு ஒட்டின பொட்டுக்கு அடியில வட்டமா துரு வரும், நான் எத்தனையோ துப்பாக்கியில பாத்திருக்கேன். எங்க முதலாளி வீட்டுப் பெரியவர் பொட்டு வைக்கற இடமே மரக்கட்டைதான், இரும்புல வைக்க விடமாட்டார். அன்னிக்கு சாயந்திரமே பூவ எடுத்துட்டு பேரல் உள்ளயும் ஒரு தடவ துணி ஓட்டிடுவார்.

ஓய்வுஏஆர்:
கிரீஸ் கேட்டிருந்தீங்க. பேரலுக்கு அடியில கொக்கி போய் உக்கார்ற கீல்ல அரிசி அளவு லித்தியம் கிரீஸ், முன்கட்டை இரும்பு உரசற இடத்துல ஒரு தீத்தல். அவ்வளவுதான். ஃபயரிங் பின் ஓட்டையில கிரீஸும் வேணாம், ஆயிலும் சொட்ட விடாதீங்க, உள்ள போற ஆயில் தோட்டா கேப்ப ஊற வச்சா வெடிக்காம போகலாம்.

பீரோவுல நிக்க வைக்கும்போது பேரல் வாய் கீழ பாத்து இருக்கட்டும். மேல பாத்து வச்சா ஆயில் எல்லாம் இறங்கி கட்டையோட கழுத்துல ஊறும், வருஷம் போகப் போக அந்த மரம் மெத்துனு ஆகி அதிர்ச்சி தாங்காம விரியும். வாய்க்கு அடியில ஒரு துணிய மடிச்சு வைங்க.

அடுத்து சுடப் போறதுக்கு முன்னாடி பேரல் உள்ளயும் சேம்பர்லயும் காஞ்ச துணி ஓட்டி ஆயில எடுத்துடணும், ஆயிலோட சுடக்கூடாது. சுட்டு வந்தா முதல்ல வெண்கல பிரஷ், ஏன்னா தோட்டாவுல மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இருக்கற பிளாஸ்டிக் அடைப்பு, அதான் வாட், பேரல்ல தேச்சுட்டுப் போற படலத்துக்கு அடியில ஈரம் ஒளிஞ்சுக்கும்.

துரு எடுத்ததும் பேரல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள பாருங்க. வெளிய புள்ளி இருந்தா மெருகு பிரச்சினை மட்டும்தான். உள்ள சின்னச் சின்ன குழி தெரிஞ்சா, முக்கியமா சேம்பர் கிட்ட, அதுல தோட்டா போடாம லைசன்ஸ் உள்ள ரிப்பேர் கடையில காட்டுங்க, பேரல் கனம் அளந்து சொல்வாங்க.

பந்தலூர்மழை:
இப்பதான் டார்ச் அடிச்சு பாத்தேன் ஐயா, வலது பேரல் சுத்தம், இடது பேரல்ல சேம்பர் தாண்டி ஒரு கருப்புப் புள்ளி இருக்கு. பிரஷ் போட்டும் போகல. திங்கக்கிழமை கடைக்கு எடுத்துட்டுப் போறேன், லைசன்ஸ் புக்கோட.

ஓய்வுஏஆர்:
நல்லது தம்பி. அதுக்கு அந்த தோல் கேஸ எடுத்துக்கலாம், திரும்பி வந்ததும் வெளிய எடுத்து துடைச்சு வைங்க.