செங்காங்கில் அறை, கானாவிலிருந்து ஆள்: கொடுக்கலாமா வேண்டாமா?

செங்காங்வாசி:
சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு காமன் ரூம் காலி. ஏஜென்ட் ஒருவரை அனுப்பினார். கானா நாட்டுக்காரர், இங்கே முதுகலை படிக்கிறார், ஸ்டூடன்ட் பாஸ் இருக்கிறது, கேட்ட டெபாசிட்டைத் தரத் தயார். வந்தார், செருப்பை வெளியே விட்டார், வாஷிங் மெஷினை எந்தெந்த நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டார், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அவர் லிஃப்ட் ஏறுவதற்குள் வீட்டில் "இந்த ஆள் வேண்டவே வேண்டாம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஈசூன் ராஜா:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உங்கள் வீடு, உங்கள் சாவி. நான் இனவாதி கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காதல் மோசடி, பார்சல் மோசடி என்று எது வந்தாலும் நைஜீரியா பெயர்தானே அடிபடுகிறது. பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டில் வம்பை விலைக்கு வாங்குவானேன்?

தெம்பனீஸ் மலர்:
ராஜா அண்ணே, அவர் கானா. நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் பொதுவான எல்லைகூடக் கிடையாது. சரி, நைஜீரியாக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட்டில் இங்கே கைது தொடங்கி, மொத்தம் 3 பில்லியன் வெள்ளிக்கு மேல் சொத்து சிக்கிய, கள்ளப்பணத்தை வெள்ளையாக்கிய வழக்கில் தண்டனை பெற்ற பத்துப் பேரும் சீனாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். அதற்கப்புறம் எந்த வீட்டுக்காரராவது சீன முகம் என்றாலே வேண்டாம் என்றாரா? பத்துப் பேர் செய்த தப்பு அந்தப் பத்துப் பேரோடு நின்றது. கருப்பர் விஷயத்தில் மட்டும் ஒருத்தர் செய்தால் ஒரு கண்டமே பொறுப்பு. நம்மையும் அப்படித்தான் பார்த்தார்கள், 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்கு அப்புறம் நம்ம ஊர்த் தம்பிகள் நாலு பேர் சேர்ந்து நின்றாலே முறைத்தார்களே, மறந்துவிட்டதா?

ஈசூன் ராஜா:
மறக்கவில்லை தங்கச்சி. ஆனால் அது பொது இடம், இது வீடு. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா? சட்டமும் என்னைத் தடுக்கவில்லை.

முன்னாள் ஏஜென்ட்:
சட்டத்தைப் பற்றி ராஜா சொல்வது கிட்டத்தட்டச் சரி. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம் வேலைக்குத்தான், வாடகைக்கு இல்லை. விளம்பரத்தில் இனத்தைச் சொல்லி ஒதுக்கக்கூடாது என்பது எங்களுக்கு உள்ள விதி. அதனால் வீட்டுக்காரர்கள் எழுத மாட்டார்கள், போனில் "கொஞ்சம் பார்த்து அனுப்புங்க" என்பார்கள். எப்படிப்பட்ட ஆளைப் பார்த்து என்று நாங்கள் கேட்கக்கூடாது. விளம்பரத்தில் "சமையல் கூடாது" என்று இருந்தால் பல நேரம் யாருக்காகப் போட்டது என்று இந்தியர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆப்பிரிக்கர்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. போனில் ஆங்கிலம் பேசும்போது அறை இருக்கும், நேரில் வந்து நின்றால் "இப்பத்தான் போச்சு". இப்படிச் சொன்ன வீட்டுக்காரர்களில் தமிழர்களும் உண்டு. சமையல் விதியைப் பற்றி என்னிடம் பொருமிய அதே ஆட்கள்.

பொங்கோல் பாலா:
எல்லாரும் அமெரிக்கச் சரக்கை இறக்குமதி செய்து பேசுகிறீர்கள். 2020இல் அமெரிக்கப் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கருப்பர் செத்தபோது ஊரே சமூக ஊடகத்தில் கருப்புக் கட்டம் போட்டது. அங்கே அடிமை வைத்தது நாமா? நமக்கே இங்கே ஆயிரம் பிரச்சினை. நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா மகன் சொல்கிறார், கருப்பர்கள் ஏரியாவுக்குள் ராத்திரி காரை நிறுத்தவே பயமாம். அனுபவத்தில் சொல்கிறவரை என்ன செய்வது?

தெம்பனீஸ் மலர்:
பாலா, அந்த "ஏரியா" எப்படி வந்தது என்று உங்கள் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். 1930களில் அமெரிக்க அரசாங்க அமைப்பு ஒன்று நகரம் நகரமாக வரைபடம் போட்டு, கருப்பர்கள் குடியிருந்த தெருக்களுக்குச் சிவப்பு அடித்தது. சிவப்புப் பகுதி என்றால் வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு, அரசாங்கக் கடன் காப்புறுதியும் கிடையாது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகரில் வீடு வாங்கி அதைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனார்கள், இவர்கள் வாடகை கட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பணம் பெரும்பாலும் உள்ளூர் வீட்டு வரியிலிருந்து வருகிறது, ஆகவே வீட்டு மதிப்பு போனால் பள்ளிக்கூடமும் போச்சு. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக்கூடாது என்று சட்டம் வந்ததே 1968இல், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து. முப்பது நாற்பது வருடம் ஒரு தெருவைப் பட்டினி போட்டுவிட்டு, அப்புறம் அந்தத் தெருவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றால் எப்படி?

இன்னொன்று, உங்கள் அண்ணன் அங்கே போனதே யாரால்? 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்றது. 1946க்கு அப்புறமும் ஆண்டுக்கு 100 இந்தியர்தான் குடியேறலாம். அந்தக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில், கருப்பர்கள் அடிபட்டு வாங்கிய 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் சூட்டோடு சூடாக.

பொங்கோல் பாலா:
வரலாற்று வகுப்புக்கு நன்றி. அதற்காகச் செங்காங்வாசி அறையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லையே. அமெரிக்கா செய்ததற்கு இங்கே யாரும் கணக்குத் தீர்க்கத் தேவையில்லை, இங்கே அப்படி ஒன்றும் கிடையாது.

காலாங் ரசிகன்:
கிடையாதா? உங்கள் வீட்டுக் குளியலறையைப் பாருங்கள். டார்லி பற்பசையின் பழைய ஆங்கிலப் பெயர் கருப்பர்களை இழிவாகச் சொல்லும் சொல். 1989இல் ஒரே ஓர் எழுத்தை மாற்றினார்கள். சீனப் பெயரில் "கருப்பர்" என்ற சொல் 2022 வரை இருந்தது, நாம் வருடக்கணக்கில் பல் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

நான் பந்துக்காரன், அதைச் சொல்கிறேன். 2005 ஜனவரி, தென்கிழக்காசியக் காற்பந்து டைகர் கிண்ண இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டம், காலாங்கில் இந்தோனேசியாவுக்கு எதிராக பெனால்டி கோல் போட்டவர் அகு கஸ்மிர். நைஜீரியாவில் பிறந்து சிங்கப்பூர்ச் சட்டை போட்டவர். அன்றைக்கு யாரும் காதல் மோசடி பற்றிப் பேசவில்லை. சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் பிராவோ ஆடியபோது நம்ம ஆள். அதே ஐபிஎல்லில், சன்ரைசர்ஸ் அணியில் ஆடியபோது தன் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று வெஸ்ட் இண்டீஸ் வீரர் டேரன் சாமி 2020இல் சொன்னார், கூப்பிட்டவர்கள் அதைச் செல்லம் என்று நினைத்தார்களாம்.

என்னோடு வேலை பார்ப்பவர் கென்யாக்காரர், ஒன்றாகத்தான் ரயிலில் திரும்புவோம். சிட்டி ஹாலில் கூட்டம் நெருக்கித் தள்ளும், அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்க இருக்கை மட்டும் காலியாகவே வரும். அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், இடம் இருக்கிறது என்று காட்ட. ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். நம் ஆட்களும் நின்றுகொண்டே போனைப் பார்ப்பார்கள்.

ஈசூன் ராஜா:
ரயில் இருக்கைக்கும் வீட்டு அறைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். எனக்கு மகள் இருக்கிறாள், அதுதான் என் கவலை. அதைத் தப்பு என்று எந்த அப்பனிடமும் சொல்ல முடியாது.

தெம்பனீஸ் மலர்:
தப்பே இல்லை. அப்படியானால் "பெண்களுக்கு மட்டும்" என்று போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தஞ்சாவூர்ப் பையன் வந்தால் கொடுப்பீர்கள், கானாப் பையனுக்கு மாட்டீர்கள் என்றால், மகளை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்?

ஈசூன் ராஜா:
தஞ்சாவூர்ப் பையன் என்றால் அப்பா யார், எந்தத் தெரு என்று ஒரு போனில் விசாரித்துவிடுவேன். இவரை யாரிடம் விசாரிப்பது?

முன்னாள் ஏஜென்ட்:
இதற்கு முன் தங்கியிருந்த வீட்டுக்காரரிடம். நம்பர் கேட்டால் தருவார். பாஸ் செல்லுபடியாகிறதா என்று ஐசிஏ (குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம்) தளத்தில் பாருங்கள், அது எப்படியும் வீட்டுக்காரர் பார்த்தே ஆகவேண்டிய வேலை. குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம், சமையல், விருந்தாளி எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். தஞ்சாவூர்ப் பையனிடமும் இதையெல்லாம் கேளுங்கள் அண்ணே, அப்பாவுக்குப் போட்ட ஒரு போனை நம்பி இரண்டு மாத வாடகையைக் கோட்டைவிட்ட வீட்டுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.