டெவலப்பர் நேர்முகத் தேர்வில் வெள்ளைப் பலகைச் சோதனை நியாயமானதா?

கேள்வி:
வணக்கம். சென்ற வாரம் எங்கள் நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு பெண், மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க வெள்ளைப் பலகையில் நிரல் எழுதத் தொடங்கி, மார்க்கர் பிடித்த கை நடுங்க, பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஆனால் நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் அவர் வைத்திருக்கும் நிரல், எங்கள் குழுவில் பலருடையதைவிடத் தெளிவாக இருக்கிறது. நாங்கள் சோதித்தது திறமையையா, பதற்றத்தையா?

பதில் 1:
பதற்றத்தைத்தான் என்பேன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 2020-இல் வெளியிட்ட, 48 பேர் பங்கேற்ற ஆய்வில், கண்காணிப்பாளர் முன்னிலையில் பலகையில் எழுதியவர்களின் செயல்திறன், தனி அறையில் எழுதியவர்களுடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. அவரை மீண்டும் அழையுங்கள். நீங்கள் ஏற்கெனவே சரிசெய்த ஒரு பிழையை, சரிசெய்வதற்கு முன்பிருந்த நிரலோடு கொடுத்து, ஒன்றரை மணி நேரம் அவருடைய லேப்டாப்பிலேயே தனியாகச் சரிசெய்ய விட்டு, பிறகு உடன் அமர்ந்து, ஏன் அவ்வழியைத் தேர்ந்தார் என்று கேளுங்கள்.

பதில் 2:
வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நீண்ட வேலை வேண்டாம். கைக்குழந்தை உள்ளவருக்கும் வார இறுதி முழுவதும் ஓய்வாக இருப்பவருக்கும் அது ஒரே தேர்வாகாது.

பதில் 3:
எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்னதாகவே எழுதி வையுங்கள். தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன்பே அவரவர் மதிப்பெண்ணைப் பதிவு செய்வது மிக முக்கியம். இல்லையெனில் மூத்தவரின் முதல் சொல்லே முடிவாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வியாழக்கிழமை வரச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன்.