படகு இன்ஜின் அரை மணியில் சூடாகி இழுவை போகிறது – ஆடி 18க்குள் சரியாகணும், உதவுங்கள்

பண்ணவாடிக்காரன் (வியாழன், காலை 5.50)
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். மேட்டூர் அணையில் பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் நடுவில் ஆளும் பைக்கும் ஏற்றி ஓட்டுகிற படகு. அரை மணி ஓடியதும் இன்ஜின் கொதிக்கிறது, கறுப்புப் புகை தள்ளுகிறது, இழுவை பாதிகூட இல்லை. அணைத்து முக்கால் மணி ஆறவிட்டால் மறுபடி புதுசு மாதிரி ஓடுகிறது. இன்ஜெக்டர் மாற்றியாச்சு, டீசல் ஃபில்டர் மாற்றியாச்சு. நேற்று நடு அணையில் ஆடிக் காற்றில் நின்றுபோய், கைக்குழந்தையோடு வந்தவர்களை வைத்துக்கொண்டு தவித்துப் போனேன். ஆடி 18க்கு இன்னும் ஒன்பது நாள்தான். என்ன மாற்றணும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_லேத் (காலை 6.25)
தம்பி, என்ன இன்ஜின்? எத்தனை எச்.பி., எத்தனை சிலிண்டர்? தண்ணீர் கூலிங்கா, ஏர் கூலிங்கா? இன்ஜின் திறந்து இருக்கிறதா, பெட்டிக்குள்ளே இருக்கிறதா? இதைச் சொல்லாமல் என்ன மாற்றச் சொல்வது?

டீசல்_அண்ணாச்சி (காலை 6.40)
டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் இருக்கிற காற்று ஓட்டை அடைத்திருந்தால், டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி அரை மணியில் டீசல் வராது. ஆறவிட்டால் மெதுவாகக் காற்று ஏறிச் சரியாகிவிடும். அடையாளம் அப்படியே பொருந்துகிறது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள், செலவே இல்லை.

முன்னாள்_சீஃப் (காலை 7.15)
டீசல் குறைந்தால் கறுப்புப் புகை எப்படி வரும்? இன்ஜின் இருமி இருமி நிற்கும், புகை வராது. கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம், அல்லது இன்ஜின் தாங்காத சுமை. இந்த அடிப்படை தெரியாமல் பதில் சொல்வதால்தான் கேட்பவர்கள் இன்ஜெக்டருக்கும் ஃபில்டருக்கும் காசு கொட்டுகிறார்கள். கேட்டவரும் பாதிதான் சொல்லியிருக்கிறார். இன்ஜின் அறையின் வெப்பநிலை என்ன, காற்று உள்ளே வரும் வழி என்ன, வெளியே போகும் வழி என்ன, மூன்றையும் எழுதிவிட்டு உதவி கேளுங்கள்.

கொளத்தூர்_மாதையன் (காலை 7.30)
தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டால், அடியில் கிடக்கிற பழைய மீன் வலை புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். எங்கள் படகில் இரண்டு முறை ஆனது. சுமை ஏறினாலும் கறுப்புப் புகைதான். முதலில் ஆளை இறக்கி அடியைத் தடவிப் பாருங்கள் அண்ணா.

சேர்வராயன்_காப்பி (காலை 8.05)
நான் ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கிறேன், படகு தெரியாது. ஆனால் இதே வியாதி எங்கள் பல்பர் ஹவுஸ் (காப்பிப் பழத்தின் தோல் உரிக்கிற கொட்டகை) ஜெனரேட்டருக்கு வந்தது. பனியும் சாரலும் உள்ளே வருகிறது என்று அறையின் ஜன்னலைப் பலகை அடித்து மூடினோம். கொஞ்ச நேரம் ஓடியதும் கறுப்புப் புகை, விளக்கு மங்கும். ரேடியேட்டர் வெளியே தள்ளுகிற சூடான காற்றையே இன்ஜின் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. ஏற்காட்டில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றே கடல் மட்டத்தில் இருப்பதைவிட சுமார் 14 சதவீதம் மெலிசு, அதோடு இந்தச் சூடும் சேர்ந்துகொண்டது. பலகையைப் பிடுங்கினோம், சரியாகிவிட்டது. உங்கள் இன்ஜினை எதையாவது வைத்து மூடியிருக்கிறீர்களா?

பண்ணவாடிக்காரன் (மதியம் 1.10)
மன்னிக்கணும், படகு நடையில் இருந்தேன். 10 எச்.பி., ஒற்றை சிலிண்டர் டீசல், ஏர் கூலிங். நடுப் படகில் பெட்டிக்குள் இருக்கிறது. முன்பு பெட்டி மேலே பலகைதான், இடைவெளி இருக்கும். ஆனி கடைசியில் காற்று ஏறியதும் அலை அடித்து ஏர் ஃபில்டர்வரை தண்ணீர் போனதால், சுற்றிலும் தகடு அடித்து மூடினோம். காற்றுக்கு இரண்டு இஞ்ச் ஓட்டை இரண்டு விட்டிருக்கிறோம், போதும் என்று சொன்னார்கள். தண்ணீர் நிறைய இருக்கிறது, நந்தி முழுகித்தான் கிடக்கிறது. புரொப்பெல்லர் பார்த்தாச்சு, சுத்தம். டேங்க் மூடி தளர்த்தியும் பார்த்தாச்சு, அதே கதை.

செவ்வாய்ப்பேட்டை_லேத் (மதியம் 1.30)
தம்பி, வியாதி இதுதான், வேறு தேட வேண்டாம். ஏர் கூலிங் இன்ஜினுக்கு ரேடியேட்டரும் காற்றுதான், தண்ணீரும் காற்றுதான். 10 எச்.பி. டீசல் முழு சுமையில் ஓடும்போது சுமார் 7 கிலோவாட் சூட்டை அதன் ஃபேன் சிலிண்டர் ஃபின்களிலிருந்து (சிலிண்டரைச் சுற்றி விலா மாதிரி இருக்கிற தகடுகள்) எடுத்து வெளியே தள்ளணும். அதற்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 கன மீட்டர் காற்று வேண்டும். டீசல் எரிய வேண்டிய காற்று இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. உன் இரண்டு ஓட்டையும் சேர்ந்து 40 சதுர சென்டிமீட்டர். அது வழியாக 8 கன மீட்டர் போகணுமானால் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் பாயணும். ஃபேன் அப்படித் தள்ளாது. அதனால் பெட்டிக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கிறது. அரை மணியில் கொதிக்காமல் என்ன செய்யும்?

இன்றைக்குத் தகடு ஒரு பக்கம் கழற்றிவிட்டு, ஆள் ஏற்றாமல் கரை ஓரமாகவே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஃபேன் இழுக்கிற வாய்க்குப் பக்கத்தில் கட்டு, இன்னொன்று வெளியே நிழலில். இரண்டுக்கும் வித்தியாசம் 10, 15 டிகிரிக்குள் நின்றால் பெட்டி மூச்சு விடுகிறது.

ஃபர்னஸ்_வேலை (மதியம் 2.15)
பெட்டியின் உள்பக்கம் மேக்னசைட் செங்கல் பதித்தால் சூடு ஆட்கள் உட்காரும் பலகைக்கு வராது. நம்ம சேலத்திலேயே கிடைக்கிற சரக்கு. 2,800 டிகிரிக்கு மேல்தான் உருகும். எஃகு உலைக்கே இதைத்தான் வைக்கிறார்கள், படகு இன்ஜினுக்குத் தாராளம்.

செவ்வாய்ப்பேட்டை_லேத் (மதியம் 2.40)
உருகாது என்பது வேறு, சூட்டைத் தடுப்பது வேறு. மேக்னசைட் செங்கல் நன்றாகச் சூடு கடத்தும் கல். உலையில் கசடு அரிக்காது என்பதற்காக அதை வைக்கிறார்கள், சூடு காக்க அதற்குப் பின்னால் வேறு கல் வைக்கிறார்கள். அதோடு தண்ணீரைப் போல மூன்று மடங்கு கனம், படகு நடுவில் ஏற்றினால் என்ன ஆகும்?

ஃபர்னஸ்_வேலை (மதியம் 3.05)
இருபது வருடம் உலை அடித்தவன் சொல்கிறேன். சேலத்துக் கல்லை இப்படித் தள்ளிப் பேசாதீர்கள். மெல்லிய கல்லாகப் போட்டால் கனம் வராது.

செவ்வாய்ப்பேட்டை_லேத் (மதியம் 3.20)
கல்லைக் குறை சொல்லவில்லை ஐயா. அந்தக் கல் போட்டுத்தான் எங்கள் உருக்கு உலை ஓடுகிறது. படகுக்கு செராமிக் பிளாங்கெட் (சூடு தடுக்கிற பஞ்சு விரிப்பு) ஒரு இஞ்ச், மேலே தகடு, போதும். சைலன்ஸர் குழாய்க்குக் கண்ணாடி நூல் கயிறு சுற்றணும், ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். ஆனால் சூட்டை மூடி வைப்பது இரண்டாவது வேலை. முதலில் அது வெளியே போகணும்.

டீசல்_அண்ணாச்சி (மாலை 4.10)
அப்படியானால் வழி சுலபம். பெட்டி மேலே ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், பேட்டரியில் ஓடுகிற மாதிரி. உள்ளே இருப்பதை எல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். வேறு வேலையே வேண்டாம்.

முன்னாள்_சீஃப் (மாலை 5.00)
வேண்டாம். இரண்டு சின்ன ஓட்டை இருக்கிற பெட்டியில் உறிஞ்சுகிற ஃபேன் வைத்தால் பெட்டிக்குள் அழுத்தம் குறையும், இன்ஜின் குடிக்க வேண்டிய காற்றையும் ஃபேன் பிடுங்கிக்கொள்ளும், புகை இன்னும் கூடும். சைலன்ஸர் இணைப்பில் கசிவு இருந்தால் அதையும் உள்ளுக்கு இழுத்து ஆட்கள் மேல் விடும். கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமல் கொல்லும்.

நான் 31 வருடம் கப்பலில் இருந்தவன், சொந்த ஊர் ஆத்தூர். கப்பலில் ஃபேன் காற்றை உள்ளே தள்ளும், சூடு புகைபோக்கிப் பக்கம் தானாக வெளியேறும். இன்ஜின் அறை எப்போதும் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் இருக்கும். ஐஎஸ்ஓ 8861 என்ற விதிமுறை, வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே அதைவிட 12.5 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்று வைத்துக்கொண்டுதான் காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. இந்தத் தம்பி பத்து எச்.பி.யில் அதே பாடத்தைக் கற்கிறார்.

இன்னொன்று. இவருடைய பயம் சரி, அலை உள்ளே வரத்தான் செய்யும். கடலில் அதைவிட மோசம், உப்புத் தண்ணீர். ஆனால் அதற்காக நாங்கள் காற்று வழியை அடைப்பதில்லை, உயர்த்துகிறோம். சுமைக்கோடு விதிப்படி (கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கலாம் என்று வரையறுக்கிற சர்வதேச விதி) மேல்தளத்தில் வெளிப்படும் காற்றுக்குழாயின் விளிம்பு குறைந்தது 900 மில்லிமீட்டர் உயரம் இருக்கணும். தண்ணீரைத் தடுப்பது உயரமும் வளைவும்தான். இன்ஜின் அறைக் காற்று வழிக்கு மூடி போடுவது தீப்பிடித்தால் மட்டும்.

சேர்வராயன்_காப்பி (மாலை 5.30)
சார், கடைசிப் பத்தியை முதலிலேயே எழுதியிருந்தால் அவருக்குப் பாதி நாள் மிச்சம். பத்து எச்.பி. ஆளும் ஆள்தானே.

முன்னாள்_சீஃப் (மாலை 5.50)
கேட்ட விவரம் மதியம்தான் வந்தது. ஆனாலும் சரி, கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். தம்பி, வேலையை முடி, நடு அணையில் நிற்கக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை_லேத் (இரவு 8.15)
சீஃப் சொன்னதைத் தகட்டில் இப்படிச் செய்யலாம். இன்ஜினின் சூடான காற்று வெளியே வருகிற வாயிலிருந்து ஜி.ஐ. தகட்டில் ஒரு டக்ட் (காற்று போகிற குழாய்), நேராகப் படகின் ஓரத்துக்கு. அந்த வாயைவிட டக்ட் எந்த இடத்திலும் குறுகக் கூடாது. இன்ஜின் ஆடும், தகடு ஆடாது, அதனால் இரண்டுக்கும் நடுவில் சூடு தாங்கும் துணியில் ஒரு சட்டை மாதிரி தைத்துக் கட்டு. உள்ளே வருகிற வழி எதிர்ப் பக்கம், அடிக்கு அடி அளவில், இடுப்பு உயரத்துக்கு எழுப்பி வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிடு. உள்ளே ஒரு தடுப்புத் தகடு குறுக்கே வைத்தால் வருகிற சாரல் அதில் மோதி வடிந்துவிடும், அடியில் ஒரு வடிகால் ஓட்டை போதும். கொசு வலை அடிக்காதே, திறப்பில் பாதி அதுவே தின்றுவிடும். எலிக்குப் பெரிய கண் வலை போடு. முக்கியமாக, இரண்டு வாயும் ஒரே பக்கம் வரக்கூடாது, வந்தால் தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும்.

அப்புறம் ஃபின்களைக் கழுவு. டீசலும் தூசியும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருக்கும், அது இருக்கிறவரை எந்த டக்டும் உதவாது. அளவு எடுத்து வந்தால் என் பட்டறையிலேயே வளைத்துத் தருகிறேன், தகட்டுக் காசு மட்டும் போதும்.

பண்ணவாடிக்காரன் (வெள்ளி, காலை 9.40)
ஒரு பக்கத் தகடு கழற்றி ஓட்டினேன். ஐம்பது நிமிடம், புகை இல்லை. முன்பு பெட்டிக்குள் 71 டிகிரி காட்டியது, இப்போது 46. வெளியே 34. ஃபின்களில் சேறு மாதிரி அடைத்திருந்தது, கழுவியாச்சு. அளவு எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை வருகிறேன் அண்ணா. வேலை முடியும்வரை ஆள் ஏற்றவில்லை.

கொளத்தூர்_மாதையன் (வெள்ளி, காலை 10.05)
46க்கும் 34க்கும் 12 டிகிரி. சீஃப் சொன்ன கணக்கேதான். எங்கள் படகும் பெட்டி மூடியதுதான், நானும் தெர்மாமீட்டர் கட்டப்போகிறேன். டக்ட் எந்தப் பக்கம் விடுவது, காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறதே?

செவ்வாய்ப்பேட்டை_லேத் (வெள்ளி, காலை 10.20)
போகும்போது ஒரு பக்கம் அடிக்கும், வரும்போது மறுபக்கம் அடிக்கும். அதனால்தான் சூடு வெளியேறும் வாயிலும் கீழ்நோக்கி ஒரு தொப்பி போடச் சொல்கிறேன், எதிர்க் காற்று உள்ளே தள்ளாது.

பண்ணவாடிக்காரன் (ஆடி 19, இரவு 10.30)
நேற்று காலை முதல் இரவுவரை ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

சேர்வராயன்_காப்பி (ஆடி 20, காலை 6.15)
மகிழ்ச்சி. டக்டின் படம் ஒன்று போடுங்கள், எங்கள் பல்பர் ஹவுஸுக்கும் அதே மாதிரி செய்யணும்.

முன்னாள்_சீஃப் (ஆடி 20, காலை 7.00)
சைலன்ஸர் இணைப்பில் கசிவு பார்த்தாயா தம்பி? அதற்கு மட்டும் பதில் வரவில்லை.