வயசாக ஆக ரோடு நல்லாகுதாம், என் மாடல் சொல்லுது. அவசரம், உதவுங்க

கடைசிபெஞ்ச்_சிவில்: எம்.ஈ ப்ராஜெக்ட், திங்கக்கெழம ரிவ்யூ. எந்த கிலோமீட்டர் எப்ப கெட்டுப்போகும், எந்த வருஷம் ஓவர்லே (பழைய ரோட்டு மேல புது தார் லேயர்) போடணும்னு கணிக்கணும். எக்செல்ல ரெக்ரஷன் (எது ஏறினா எது எவ்ளோ மாறுதுன்னு பாக்கற கணக்கு) போட்டா வயசுக்கு மைனஸ் வருது, அதாவது பழசாக பழசாக ரோடு வழவழன்னு ஆகுதாம். கைடு பாத்தா தொலைஞ்சேன். என்ன தப்பு?

ஜல்லிக்கலவை: எந்த ரோடு, எத்தன கிமீ, எத்தன வருஷ டேட்டா? அளந்தது ரஃப்னஸா (மேடு பள்ளம்) விரிசலா? ஒண்ணுமே சொல்லாம என்ன தப்புன்னா எப்படிப்பா

டெல்டாக்காரன்: தண்ணி சார் தண்ணி. களிமண் மேல ரோடு, ஓரத்துல வடிகால் இல்ல, ஐப்பசி மழைல அடி மண்ணு ஊறிப்போச்சுன்னா மேல எவ்ளோ தார் ஊத்தினாலும் நிக்காது. மழைய சேத்தீங்களா?

லாரிபேட்டை: மழையாவது ஒண்ணாவது, எல்லாம் ஓவர்லோடு. எம் சாண்ட் லாரி ஓடுற ரோட்ட போய் பாருங்க

ரிட்டயர்டு_ஏஇ: இப்பல்லாம் எக்செல்ல ரெண்டு பட்டன் அமுக்கினா அது மாடல். எச்டிஎம்-4னு ரோடு கெட்டுப்போறத கணிக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு தம்பி, கேள்விப்பட்டிருக்கீங்களா? அதையே நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி காலிப்ரேட் பண்ணாம ஓட்டக்கூடாது. மொதல்ல ஐஆர்சி 82 (தார் ரோடு பராமரிப்பு விதிப் புத்தகம்) படிச்சிட்டு வாங்க.

கடைசிபெஞ்ச்_சிவில்: சாரி அவசரத்துல விட்டுட்டேன். ஸ்டேட் ஹைவே, 42 கிமீ, 4 வருஷம். பம்ப் இன்டக்ரேட்டர் (ரோட்டு குலுக்கல அளக்கற வண்டி) ரீடிங், ஆயிரத்தால வகுத்து ஐஆர்ஐ (உலகம் பூரா பயன்படுத்துற ரஃப்னஸ் அளவு) ஆக்கிட்டேன். வயசு அகலப்படுத்துன வருஷத்துலருந்து

ஜல்லிக்கலவை: ஆயிரத்தாலயா!! ஐஆர்ஐய 1.12 அடுக்குக்கு ஏத்தி 630ஆல பெருக்கினா தான் பம்ப் இன்டக்ரேட்டர் ரீடிங். ரீடிங் கிமீக்கு 2500 மிமீன்னா ஐஆர்ஐ 3.4 கிட்ட வரும், நீங்க 2.5னு போட்டிருப்பீங்க. வண்டி 32 கிமீ வேகத்துல தான போச்சு? ஆனா இதனால மட்டும் மைனஸ் வராது. நடுவுல எங்கயாச்சும் ரீலே (மேல புது லேயர்) பண்ணாங்களா?

லாரிபேட்டை: 2018ல பின் ஆக்சில் லிமிட்ட 10.2 டன்லருந்து 11.5 ஆக்கினாங்க. சேதம் லோடோட நாலாம் அடுக்குல ஏறும்ங்கற விதிப்படி அதே ஆக்சில் பண்ற சேதம் ஒண்ணரை மடங்குக்கு மேல. இதுல தண்ணி எங்க வந்துச்சு

டெல்டாக்காரன்: அந்த விதி எங்க வந்துச்சு? அமெரிக்கால இல்லினாய்ஸ்ல 1958லருந்து ரெண்டு வருஷம் லாரி ஓட்டி பாத்தது. அந்த மண்ணு வேற எங்க வண்டல் வேற

கடைசிபெஞ்ச்_சிவில்: ஆமா ரொம்ப மோசமா இருந்த 11 கிமீக்கு மட்டும் புது லேயர் போட்டாங்க. லேயர் போட்ட வருஷம் தனி ஷீட்ல இருக்கு, அத மட்டும் நான் எடுத்துக்கல

ஜல்லிக்கலவை: அதான்யா விஷயம்! மோசமான இடத்துக்கு தான் மொதல்ல தார் போடுவாங்க. உங்க ஷீட்ல அதுக்கு வயசு இன்னும் பழைய வயசு தான், ஆனா ரோடு கண்ணாடி மாதிரி. அதான் பழசெல்லாம் நல்லா இருக்கற மாதிரி காட்டுது. கடைசியா லேயர் போட்ட வருஷத்துலருந்து வயச எண்ணுங்க, ரஃப்னஸ்ஸ நேரா கணிக்காம ஒரு வருஷத்துல எவ்ளோ ஏறுதுன்னு கணிங்க, அதுல ரீலே நடந்த வருஷத்து வித்தியாசத்த தூக்கிடுங்க. விரிசலையும் சேருங்க, விரிசல் விழற வரைக்கும் ரோடு சும்மா இருக்கும், விழுந்து தண்ணி உள்ள போச்சுன்னா மளமளன்னு போயிடும்.

டெல்டாக்காரன்: தண்ணின்னு நான் மொதல்லயே சொன்னேன்

லாரிபேட்டை: விரிசல் எதனால விழுது? லோடுல

ரிட்டயர்டு_ஏஇ: வயச எங்கருந்து எண்றதுன்னு கூடவா சொல்லித்தரணும். எங்க காலத்துல இதெல்லாம் சைட்லயே கத்துக்குவோம்.

கடைசிபெஞ்ச்_சிவில்: ப்ளஸ் வந்துருச்சு!! நன்றிண்ணா

ஜல்லிக்கலவை: வருஷத்துக்கு எவ்ளோ ஏறுது? ரீலே போட்ட 11 கிமீ தனியா பாத்தீங்களா?

ஜல்லிக்கலவை: தம்பி?

லாரிபேட்டை: அவரு போயிட்டாரு. டெல்டா அண்ணே, உங்க ஊர்ல நெல்லு லாரி எவ்ளோ வெயிட் ஏத்துவான்?