தாத்தா வீடு (குடும்பக் குழு)

வெள்ளி, மாலை 5.40

சித்தப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபை ஐயர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். ஞாயிறு ஆராதனையில் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பிறந்த 300-ஆம் ஆண்டை நினைத்து அப்பா பேசுவதாக இருந்தது. அப்பாவுக்கு நேற்றிலிருந்து குரலே எழும்பவில்லை. ஒரு வாரம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் வீட்டிலிருந்து யாராவது ஐந்து நிமிடம் பேச வேண்டும். எட்டு மணிக்குள் பெயர் கொடுத்தால்தான் ஆராதனைத் தாளில் வரும்.

சின்ன அத்தை: ஐயோ, அப்பாவுக்குக் காய்ச்சலா?

சித்தி: காய்ச்சல் இல்லை மைனி. தொண்டைதான். கஞ்சி குடித்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதிக் காட்டுகிறார்.

மூத்த அத்தை: ஆவி பிடிக்க வையுங்கள்.

பெரியப்பா: அன்பானவர்களே, நான் பேசலாம் என்று நினைக்கிறேன். முதலில் அடிப்படை. ஸ்வார்ட்ஸ் ஐயர் 1726 அக்டோபரில் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தாய் சாகும்போது, இந்தப் பிள்ளையை ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாலேயில் படிக்கும்போதே தமிழ் கற்றார். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, நாலே மாதத்தில் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். பிறகு திருச்சி, பிறகு தஞ்சாவூர். 1798 பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில் இறந்தார். ஏறக்குறைய 48 வருடம். ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. கல்யாணம் செய்யவில்லை. (தொடரும்)

சித்தப்பா: அண்ணா, ஐந்து நிமிடம்தான்.

சின்ன அத்தை: அசனத்தன்று அண்ணன் பேசி முடிக்கிறதற்குள் சோறு ஆறிவிட்டது 🙂

பெரியம்மா: அது மைக் கோளாறு.

பெரியப்பா: மைக் கோளாறுதான். தொடர்கிறேன். 1779-ல் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப வேண்டும் என்றபோது, அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஹைதரே கேட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். வழிச்செலவுக்கு ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தஞ்சாவூரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். 300 வருடம், 300 ரூபாய். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும்.

தம்பி (சென்னை): பெரியப்பா, அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத்தானே தூது போனார்? அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

பெரியப்பா: சொல்லத்தான் வேண்டும், மறைக்கக் கூடாது. கம்பெனி அனுப்பித்தான் போனார். அந்தத் தூது பலிக்கவும் இல்லை, அடுத்த வருடமே ஹைதர் படையெடுத்து வந்தார். ஆனால் சண்டை நடந்தபோதும், அந்தப் பாதிரியை யாரும் தொந்தரவு செய்யாதீர்கள் என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். எதிராளி வைத்த நம்பிக்கை அது.

தம்பி (சென்னை): சரி பெரியப்பா. இது எனக்குத் தெரியாது.

சித்தி: ஞாயிறு யார் யார் வருகிறீர்கள்? மதியம் எத்தனை பேருக்கு உலை வைக்க?

சின்ன அத்தை: நாங்கள் நாலு பேர்.

மாலை 6.25

மூத்த அத்தை: பாப்பாத்தியம்மாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு அவளைச் சொல்லாமல் ஸ்வார்ட்ஸ் ஐயரைப் பற்றி எப்படிப் பேசுவது?

நான்: ஆமாம் அத்தை. தாத்தா பேச வைத்திருந்த குறிப்பில் அதுதான் முதல் வரி.

பெரியப்பா: வருகிறேன், வருகிறேன். பாப்பாத்தியம்மாள் என்கிற குளோரிந்தா, மராட்டிய பிராமண விதவை. முதலில் ஞானஸ்நானம் கேட்டபோது ஐயர் கொடுக்கவில்லை. கல்யாணம் இல்லாமல் ஒரு ஆங்கில அதிகாரியோடு இருந்தார் என்பது காரணம். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். அதில் முதல் பெயர் அந்த அம்மாளுடையது. அவர் கட்டிய கோயிலை 1785-ல் ஸ்வார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார்.

மூத்த அத்தை: காத்திருக்க வைத்தார் இல்லையா. அதையும் வாசிக்க வேண்டும். ஐயர்மார் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வீட்டில் இருக்கிற பெண்கள் காத்திருப்பார்கள்.

சின்ன அத்தை: அக்கா...

மூத்த அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐயர் மகளான என் நிச்சயதார்த்தத்துக்கு ஜெபம் பண்ண வேறு ஐயரைக் கூப்பிட்டோம். அவ்வளவுதான்.

சித்தப்பா: அக்கா, அது முடிந்த கதை.

மூத்த அத்தை: உனக்கு முடிந்தது.

பெரியம்மா: ஞாயிறு கதிரில் வருகிறவர்கள் என்னோடு கறி வாங்கப் போகலாம்.

பெரியப்பா: கதிரா?

பெரியம்மா: காரில். தட்டச்சு தப்பு.

நான்: சித்தப்பா, எல்லாருக்கும் சம்மதம் என்றால் நான் பேசுகிறேன். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். பெரியப்பா எழுதிக் கொடுத்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

சின்ன அத்தை: நல்லது. அவளே பேசட்டும்.

பெரியப்பா: நான் எழுதித் தருவது வேறு, பேசுவது வேறு. சரி, யோசிக்கலாம். இதை மட்டும் விடக் கூடாது. சண்டையில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் தெருவில் விழுந்து செத்தார்கள். கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவர மாடு தர ஆளில்லை. ராஜாவின் ஆட்களை நம்பினால் காசு வராது என்று குடியானவர்களுக்குத் தெரியும். கடைசியில் ஸ்வார்ட்ஸ் ஐயர் எழுதினார், மாட்டுக்கும் நெல்லுக்கும் நான் பொறுப்பு என்று. இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது.

தம்பி (சென்னை): 80,000 கலமா!

சித்தி: மாமா வாசிக்கச் சொன்னார்கள், எல்லாச் செய்தியையும் வாசித்துக் காட்டினேன். ஒன்று எழுதியிருக்கிறார்கள். படம் அனுப்புகிறேன்.

(படம்: காலண்டர் தாளின் பின்புறம், நடுங்கும் எழுத்தில்: "கலக் கணக்கு வேண்டாம். பிறகு காசைக் கொடுத்தாரா என்று கேட்பார்கள். கொடுத்தார். அதைச் சொல்.")

நான்: சரி தாத்தா. அதைத்தான் சொல்வேன்.

மூத்த அத்தை: எல்லாவற்றையுமா வாசித்தாய்?

சித்தி: ஆமாம் மைனி.

மூத்த அத்தை: நான் எழுதியதையுமா?

சித்தி: யோசிக்காமல் வாசித்துவிட்டேன் மைனி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

இரவு 7.20

பெரியப்பா: நேரம் ஆகிறது. சரபோஜியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ராஜா துளஜாஜி 1787-ல் தத்தெடுத்த பிள்ளையை ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை பட்டத்துக்கு வந்தது 1798-ல், ஐயர் இறந்த பிறகு. ஆனால் ஐயர் சாவுக்கட்டிலில் இருந்தபோது பக்கத்தில் வந்து நின்றது சரபோஜிதான். அந்தக் காட்சியைச் சலவைக்கல்லில் செதுக்கித் தரச்சொல்லி இங்கிலாந்தில் ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் ஒப்படைத்தார். தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஐயர் அவரை மதம் மாற்ற அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. இதை அப்பா அடிக்கடி சொல்வார்.

சின்ன அத்தை: நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அப்பா அங்கே கூட்டிப்போனார், நினைவிருக்கிறதா? அக்கா அந்தக் கல்லைத் தொட்டதற்குத் திட்டு வாங்கினாள்.

மூத்த அத்தை: தொட்டது நீ.

சித்தி: இன்னொரு தாள். மாமா மூத்த மைனிக்கு எழுதச் சொன்னது என்கிறார்கள். அனுப்பட்டுமா மைனி?

மூத்த அத்தை: அனுப்பு.

(படம்: "பெரியவளுக்கு. அன்று அந்த மனுஷன் சாகக் கிடந்தான். ராப்போஜனம் கேட்டான். வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டேன். திரும்பும்போது மழை. கடைசி பஸ் போய்விட்டது. நடந்து வந்தேன்.")

சின்ன அத்தை: நடந்தா? அங்கேயிருந்தா?

பெரியப்பா: எனக்கும் இது தெரியாது. அன்று வேட்டியெல்லாம் சகதியாக வந்து நின்றார். பஸ் தாமதமா என்றுதான் அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

மூத்த அத்தை: முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள்கூட என்னிடம் சொல்லவில்லையே.

சித்தப்பா: நீ கேட்கவும் இல்லை அக்கா.

மூத்த அத்தை: நீ சும்மா இரு.

இரவு 7.52

சித்தப்பா: ஐயர் போன் செய்கிறார். பெயர் என்ன கொடுக்க? அண்ணனா, பாப்பாவா?

பெரியப்பா: இரண்டு பேரையும் போடு. நான் முன்னுரை இரண்டு நிமிடம்.

பெரியம்மா: இரண்டு நிமிடமாம்.

சின்ன அத்தை: பாப்பா பெயர் மட்டும்.

சித்தப்பா: "குடும்பத்தார்" என்று போடச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நான்: தாத்தா முன்வரிசையில் உட்காருவார்களா சித்தப்பா? அவர்கள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பேச வரும்.

சித்தி: அங்கியை இஸ்திரி போடச் சொல்லி எழுதிக் காட்டிவிட்டார்கள்.

மூத்த அத்தை: நான் நாளை ராத்திரியே வருகிறேன். அப்பா பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். யாரும் பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டாம்.

சித்தப்பா: எந்த பஸ் அக்கா?

சித்தப்பா: அக்கா?

சித்தி: அப்படியானால் மதியத்துக்கு மொத்தம் எத்தனை பேர்?