லெதர் சீட்டில் நீலக் கறை திரும்பி வருகிறது. கூடவே இன்னொன்று: வேனை எங்கே நிறுத்தித் தொழில் செய்வது?

வாளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தனியாளாக மொபைல் டீடெய்லிங் செய்கிறேன், அதாவது வாடிக்கையாளர் இடத்துக்கே போய்க் காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை. ஏழு மாதம் ஆகிறது. கடை கிடையாது. ஒரு சின்ன வேன், அதில் 300 லிட்டர் டேங்க், பிரஷர் வாஷர், வாக்குவம், ஒரு பாலிஷர். வெளிப்பக்க வேலை ஓரளவு கைக்கு வந்துவிட்டது. உள்பக்கத்தில்தான் இப்போது மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு கார். ஐந்து வருடம் ஓடியது, க்ரீம் நிற லெதர் சீட். டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து மேடு முழுக்க ஜீன்ஸ் சாயம் ஏறி நீலம் பாய்ந்திருந்தது. ஐம்பது நிமிடம் ஓட்டிப் போய்ச் சேரவே தாமதம், அடுத்த வேலை வேறு காத்திருந்தது. கார் வெயிலில் நின்றது. ஆல் பர்ப்பஸ் கிளீனரைச் சீட்டிலேயே நேராக அடித்துத் தேய்த்தேன். நீலம் அசையவில்லை. அப்புறம் அந்த வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சை எடுத்து அழுத்தித் தேய்த்ததும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. மேலே லெதரை மிருதுவாக்கும் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவினேன். சீட் பளபளவென்று ஆனது. கார்க்காரருக்கு ஒரே சந்தோஷம்.

நான்காம் நாள் போட்டோ அனுப்புகிறார். அதே இடத்தில் நீலம், முன்பைவிட அடர்த்தியாக. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போய், தொட்டால் சொரசொரவென்று இருக்கிறதாம். "நீங்கள் வருவதற்கு முன்னால் இப்படி இல்லையே" என்கிறார். உண்மைதான், இல்லை.

லெதர் காய்ந்துவிட்டதா? இன்னும் நல்ல கண்டிஷனராக வாங்கி இரண்டு மூன்று தடவை போட்டால் சரியாகுமா?

இரண்டாவது கேள்வி. எந்தத் திசையிலிருந்து அழைத்தாலும் போய்விடுகிறேன். நேற்று மூன்று கார், வேனில் உட்கார்ந்திருந்த நேரம் மட்டும் நான்கு மணி நேரம். ஊருக்கு வெளியே ஒரு ஷெட் குறைந்த வாடகைக்கு வருகிறது. எடுத்துவிடலாமா, வீட்டிலிருந்தே ஓட்டலாமா?

ஸ்டெப்னி:

லெதர் என்றால் லெதர்தானே நண்பரே. நிறமில்லாத ஷூ பாலிஷ் கொஞ்சம் தடவித் துணியால் தேய்த்துப் பாருங்கள். என் பழைய காரில் அப்படித்தான் செய்தேன், சொரசொரப்பு தெரியவே இல்லை.

குதிரைமுடி பிரஷ்:

முதலில் அந்த ஷூ பாலிஷ் டப்பாவை மூடிவையுங்கள். ஷூமேல் யாரும் வெள்ளைச் சட்டை போட்டுச் சாய்ந்து உட்காருவதில்லை. மெழுகு மேலேயே நிற்கும், சூட்டில் இளகும், உடையில் ஒட்டும். ஸ்டெப்னி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி, நான் பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் பதினொரு வருடம் வேனில்தான். நீங்கள் செய்த எல்லாத் தப்பையும் நானும் செய்திருக்கிறேன், மெலமைன் ஸ்பாஞ்ச் உட்பட. அதனால் திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இன்றைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் சீட் லெதருக்கு மேல் நிறப்பூச்சு இருக்கிறது. அதற்கும் மேல் காப்புக்காக மெல்லிய பாலியூரித்தேன் டாப்கோட். உங்கள் கை படுவது தோலில் இல்லை, அந்தப் பூச்சில். காரின் பாடிக்கு எப்படி பெயின்டும் கிளியர் கோட்டுமோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சைத் தாண்டிக் கண்டிஷனர் உள்ளே போவது ரொம்பக் குறைவு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான்.

மெலமைன் ஸ்பாஞ்ச் கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் அது ஒரு நுண்ணிய உப்புத்தாள். கறையை அது கரைக்கவில்லை, கறை உட்கார்ந்திருந்த டாப்கோட்டையே சுரண்டி எடுத்துவிட்டது. சொரசொரப்பு அதனால்தான். அதோடு நிற்காமல் நிறப்பூச்சையும் கொஞ்சம் தின்றிருக்கிறது, அதனால்தான் வெளிறல். காப்பு இல்லாமல் நிற்கும் அந்த மேட்டில் எண்ணெய்ப்பசையுள்ள கண்டிஷனரையும் பூசியாகிவிட்டது. அடுத்த நாள் அவர் ஜீன்ஸோடு ஏறி உட்கார்ந்ததும் சாயம் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சீட்டின் பக்கவாட்டில், கை படாத இடத்தில் ஒரு சொட்டு. வெளிறிய இடத்தில் ஒரு சொட்டு. முத்துப்போல நின்றால் பூச்சு இருக்கிறது. பரவி, உள்ளே இழுத்து, இடம் கறுத்தால் பூச்சு இல்லை. இதை எந்தக் காரிலும் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் செய்யுங்கள். கை படாத இடத்திலேயே சொட்டு இழுத்தால் அது பூச்சில்லாத அனிலின் லெதர். அது வேறு வேலை, ஈரத்துக்கே பயப்படும் சாதி. உங்களிடம் இப்போது அதற்கான கை இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தச் சீட்டுக்கு இனிமேல் சுத்தம் செய்வதால் பயன் இல்லை. எண்ணெய்ப்பசையை எடுத்துவிட்டு, நிறம் பொருத்திய லெதர் பிக்மென்ட்டை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு கொடுத்து, மேலே பளபளப்பில்லாத டாப்கோட் அடிக்க வேண்டும். க்ரீமில் நிறம் பொருத்துவது பெரிய தலைவலி. கொஞ்சம் மஞ்சள் கூடினாலும் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும். இதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுங்கள், செலவு உங்களுடையது. கார்க்காரரிடம் "ஸ்பாஞ்சால் அழுத்தித் தேய்த்தேன், பூச்சு போய்விட்டது, என் தப்பு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "உங்கள் லெதர் பழசு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்த காருக்கு: சீட் சூடாக இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள், இல்லாவிட்டால் கிளீனர் துடைப்பதற்குள் காய்ந்து வளையம் வளையமாக நிற்கும். அப்புறம் வாக்குவம். தையல் இடுக்கில் மணல் இருக்கும்போது பிரஷ் போட்டால் அந்த மணலே அரைத்துவிடும். ஆல் பர்ப்பஸ் கிளீனர் காரத்தன்மை உள்ளது, லெதருக்கென்று வரும் மென்மையான கிளீனரை வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சீட்டில் அடிக்காமல் பிரஷில் அடியுங்கள். மிருதுவான குதிரைமுடி பிரஷ், பிடி லேசாக, ஒரு தடவைக்கு ஒரு துண்டுப் பகுதி மட்டும். நுரை முதலில் வெள்ளையாக வரும், நாலு சுற்றில் பழுப்பாகும். அந்தப் பழுப்பு காய்வதற்குள் ஈரத் துணியால் எடுத்துவிட வேண்டும். துணியைத் திருப்பிப் பாருங்கள், அழுக்கு வந்துகொண்டிருந்தால் இன்னொரு சுற்று. அழுத்தம் கூட்டக் கூடாது, சுற்றைத்தான் கூட்ட வேண்டும்.

பெரும்பாலான கார் லெதர் புதிதாக வரும்போது மங்கலாகத்தான் இருக்கும். நாம் பார்க்கும் பளபளப்பு உடம்பு எண்ணெயும் அழுக்கும். பளபளப்பு போனால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதைக் கார்க்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "மினுமினுப்பே இல்லையே" என்பார். முழுதாகக் காய்ந்த பிறகு லெதருக்கான காப்புப் பூச்சு ஒன்று போட்டால் அடுத்த ஜீன்ஸ் சாயம் அதன்மேல் நிற்கும், துடைத்தால் வந்துவிடும்.

பிரஷில் அடியுங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், துளை போட்ட சீட் ஒன்றில் நான் பட்டிருக்கிறேன். உள்ளே காற்றாடி உள்ள சீட். கிளீனரை நேராக அடித்துத் தேய்த்துத் துடைத்தேன், கண்ணாடிபோல் இருந்தது. மறுநாள் காலை ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஊசிமுனை அளவுக்குப் பழுப்பு வளையம். கீழே பஞ்சில் இறங்கிய ஈரம் அழுக்கை ஏந்திக்கொண்டு மேலே வந்திருந்தது. துளைக்குத் துளை எடுத்து முடிக்க அரை நாள் போயிற்று.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கென்னவோ அதில்தான் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தாமதம், வெயில், அடுத்த வேலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிதானமாக இருந்திருந்தால் அந்த ஸ்பாஞ்சை எடுத்திருக்க மாட்டீர்கள். நான்கு மணி நேரம் வேனில் என்றால் ஒரு காரின் முழு உள்பக்க வேலையையும் சாலையில் கொட்டுகிறீர்கள்.

ஒரு வரைபடம் எடுத்து இதுவரை செய்த எல்லா வேலைக்கும் புள்ளி வையுங்கள். எங்கேயோ இரண்டு இடத்தில் கொத்தாக விழும். வாரத்தில் இன்ன நாள் இந்தப் பக்கம், இன்ன நாள் அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுங்கள். தூரத்திலிருந்து அழைத்தால் "அந்தப் பக்கம் வியாழக்கிழமைதான் வருவேன்" என்று சொல்லுங்கள். நாலு பேரில் ஒருவர் போய்விடுவார், போகட்டும்.

ஊருக்கு வெளியே உள்ள ஷெட் வேண்டாம். வாடகையில் மிச்சமாவது டீசலில் போகும், தினமும் இரண்டு தடவை. உங்கள் ஷெட்டை எந்த வாடிக்கையாளரும் வந்து பார்க்கப் போவதில்லை. தண்ணீர் பிடிக்க, துணி துவைக்க, சார்ஜ் போட, இரவில் வேனைப் பூட்டி நிறுத்த: இதற்கு ஒரு பின்பக்க இடம் போதும், ஆனால் அது அந்த இரண்டு கொத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். பேசி முடிப்பதற்கு முன் குழாயைத் திறந்து கறுப்பு பாடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வட்டம் விழுந்தால் உப்புத் தண்ணீர், ஃபில்டர் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

நடுவில் இருப்பதற்கு இன்னொரு காரணம் எடை. 300 லிட்டர் என்றால் 300 கிலோ. அதைக் காலையில் நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் வண்டியின் பிரேக்கும் ஸ்பிரிங்கும்தான் கூலி கொடுக்கும். பாதி டேங்க் அதைவிட மோசம், பிரேக் பிடித்ததும் தண்ணீர் மொத்தமாக முன்னால் வந்து தள்ளும். தடுப்புத் தகடு உள்ள டேங்கா என்று பாருங்கள்.

ஜன்னல்கார்னர்:

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கூகுளில் தொழிலைப் பதியும்போது, வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ச் செய்யும் தொழில் என்று காட்டி முகவரியை மறைத்துவிடலாம். எந்தெந்தப் பகுதிக்குப் போவீர்கள் என்பதை மட்டும் கொடுத்தால் போதும், 20 பகுதி வரை சேர்க்கலாம். அதற்காக இருபதையும் நிரப்பிவிடாதீர்கள். நான் நிரப்பினேன், உங்களைப்போலவே அலைந்தேன். இப்போது ஐந்துதான்.

அப்புறம் அலுவலக வளாகங்களைப் பிடியுங்கள். கார் எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் இடம் அதுதான். கட்டட மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். அங்கே நான் பிரஷர் வாஷரை எடுப்பதே இல்லை, ரின்ஸ்லெஸ் வாஷ்தான், அதாவது வாளியில் கலந்த கரைசலால் துடைத்தெடுப்பது, அலசத் தேவையில்லை. ஒரு காருக்கு ஒரு வாளி, பத்து லிட்டருக்குள் முடிந்துவிடும், தரையில் ஓடுவது ஒன்றும் இல்லை. ஆனால் மண் அப்பிக்கொண்டு வரும் காரை இப்படித் தொடாதீர்கள், கீறல் நிச்சயம்.

நிலத்தடி பார்க்கிங் நிழலாக இருக்கிறது என்று பெட்ரோல் ஜெனரேட்டரை அங்கே ஓட்டிவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை சுற்றும்போதுதான் தெரியும். பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதும்.

வாளிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய் சொட்டு வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வைத்தது நான் பேசி முடிக்கும் வரை உருண்டையாக நின்றது. வெளிறிய இடத்தில் வைத்தது அரை நிமிடத்தில் தட்டையாகி, சுற்றிலும் கறுத்துவிட்டது. கார்க்காரரிடம் அண்ணன் சொன்ன வாக்கியத்தையே அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "எப்போது எடுத்துக்கொண்டு போவீர்கள்" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை நிறம் போடுகிறவரிடம் கொடுக்கிறேன்.

வரைபடத்தில் 61 புள்ளி. 37 இரண்டு இடத்தில் குவிந்திருக்கிறது. ஷெட் அந்த இரண்டுக்கும் நேர் எதிர்த்திசை!

அந்தக் கார்க்காரரின் ஸ்டீயரிங்கில் ஒரு பகுதி வெல்வெட் மாதிரி இருந்தது, இப்போது தட்டையாகப் படிந்து கிடக்கிறது. அல்கான்டரா என்றார். லெதர் கிளீனர் அதற்குச் சரிப்படுமா?

குதிரைமுடி பிரஷ்:

அல்கான்டரா தோலே கிடையாது. பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த செயற்கைத் துணி, 1970 வாக்கில் ஜப்பானில் தோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கியது. கண்டிஷனரும் வேண்டாம், லெதர் கிளீனரும் வேண்டாம். துணிக்கான மென்மையான கிளீனரை மைக்ரோஃபைபரில் லேசாக நனைத்து, ஒரே திசையில் இல்லாமல் எல்லாத் திசையிலும் துடையுங்கள். கையின் எண்ணெய்ப்பசை போனால் பாதி எழுந்துவிடும். காய்ந்ததும் மிருதுவான பிரஷால் மயிரை எழுப்பிவிடுங்கள். அந்த ஸ்பாஞ்ச் இன்னும் வேனில் இருந்தால் வீட்டில் சுவர்க்கறை துடைக்கக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டெப்னி:

என் பழைய காரின் சீட்டில் இன்று சொட்டு வைத்துப் பார்த்தேன். முத்துப்போல நிற்கிறது. பூச்சினாலா, ஷூ பாலிஷினாலா?

குதிரைமுடி பிரஷ்:

வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, துணியைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். சொல்கிறேன்.