தனி வார்டு: மருத்துவக் காரணமா, பாகுபாடா?

கேள்வி (செவிலியர் மாணவி):
வணக்கம். பயிற்சிக்குச் சென்ற மருத்துவமனை ஒன்றில், எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவரின் கட்டிலை வார்டின் கோடியில், கழிப்பறைக் கதவை ஒட்டிப் போட்டு, அவருடைய கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். அவரைப் பார்க்க வந்த உறவினர்களின் கண் முதலில் அதன் மேல்தான் விழுந்தது. கேட்டதற்கு, ‘மற்றவர்களின் பாதுகாப்புக்காக’ என்றார்கள். இது முறைதானா?

மறுமொழி (இரவுப்பணி):
முறையன்று. நோய் எவ்வழியில் பரவுகிறது என்பதைப் பொறுத்தே ஒருவரைப் பிரித்து வைக்கலாம். சளியில் கிருமி உள்ள காசநோயாளியைக் காற்றோட்டமான தனியறையில் வைப்பது, அந்நோய் காற்றில் பரவுவதால். எச்.ஐ.வி. தொட்டாலோ பக்கத்துக் கட்டிலில் படுத்தாலோ பரவாது. யாருக்குத் தொற்று உண்டு என்பது பார்த்துத் தெரிவதில்லை என்பதால்தான், எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1987-இல் அறிவுறுத்தியது. ஆகவே அந்த ஸ்டிக்கர் யாரையும் காப்பதில்லை. ஸ்டிக்கர் இல்லாத கட்டிலில் கையுறையை மறக்கத்தான் பழக்குகிறது.

மறுமொழி (பழங்கோப்பு):
காரணம் இல்லாமலே பிரித்து வைத்ததற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தானமாகப் பெற்ற இரத்தத்தைக்கூட 1950 வரை இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. அந்நாட்டின் 1946-ஆம் ஆண்டு மருத்துவமனைக் கட்டுமானச் சட்டம், ‘தனியாக, ஆனால் சமமாக’ என்ற விதிவிலக்கின் பேரில், அரசுப் பணத்திலேயே கறுப்பினத்தவருக்கெனத் தனி வார்டுகள் எழ இடம் கொடுத்தது. 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிவிலக்கைச் செல்லாதென்று அறிவித்தது. ஆயினும், பிரிவினையைக் கைவிடாத மருத்துவமனைக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கிடையாது என்று 1966-இல் ஆன பிறகே பெரும்பாலானவை சில மாதங்களில் வழிக்கு வந்தன. (தீர்ப்பைவிடக் காசோலைக்கு வேகம் அதிகம் போலும்.)

மறுமொழி (சுவாசப்பிரிவு):
வார்டு ஒன்றான பிறகும் வேறுபாடு கருவிக்குள் இருக்கக்கூடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தோல் வழியே ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அளப்பதால், கருநிறத் தோலில் சில வேளைகளில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். திரையில் 94 சதவீதம் என்றிருக்கும். தமனி இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் 88-க்கும் கீழே இருக்கும். இவ்வாறு தவறவிடப்பட்ட ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லைதான். மூச்சுத் திணறியது மட்டும் அவர்களுக்கு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வார்டு சிஸ்டரிடம் பேசலாம் என்றிருக்கிறேன். கட்டிலை மாற்றச் சொன்னால் ஒப்புவார்களா?

மறுமொழி (இரவுப்பணி):
முதலில் அட்டையைப் பற்றிப் பேசுங்கள். நோய் விவரம் கேஸ் ஷீட்டின் உள்பக்கத்தில் இருந்தாலே சிகிச்சைக்குப் போதும் என்பதை அவரால் மறுக்க முடியாது.